சீட்டுக்கு உறை தைக்க நாமக்கல் போனேன்

எங்கள் ஊர் பரமத்தி வேலூருக்கு மேற்கே, ராஜவாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. வாழை, வெற்றிலை, கொஞ்சம் கரும்பு. வேலூர் வாழைத்தார் ஏலத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும், அங்கே கண்ணில் படுகிற வண்டியெல்லாம் சின்ன யானையாகத்தான் இருக்கும். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது யார் வைத்த பேரோ, அப்படியே ஒட்டிக்கொண்டது. முக்கால் டன் பாரம் ஏற்றலாம். மாட்டுவண்டி போன வண்டித்தடத்தில் இதுவும் போகும். தோட்டத்திலேயே நிறுத்தித் தார் ஏற்றலாம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் நானும் ஒரு பழைய சின்ன யானை வாங்கினேன். டயரைப் பார்த்தேன், இன்ஜினைப் பார்த்தேன், எஃப்.சி. தேதியைப் பார்த்தேன். சீட்டைப் பார்க்கவில்லை. ரெக்சின் கிழிந்து, உள்ளே இருந்த பஞ்சு பள்ளமாகிக் கிடந்தது. 'உட்காருவதற்குத்தானே, பார்த்துக்கொள்ளலாம்' என்று வந்துவிட்டேன். அந்தப் பார்த்துக்கொள்ளலாமுக்கு நான் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பகட்டாக வந்த உறை

கொஞ்ச நாள் பழைய போர்வையை நான்காக மடித்துப் போட்டு ஓட்டினேன். அது திருப்பத்துக்குத் திருப்பம் நழுவும். பிறகு டவுனில் ஒரு கடையில் ரெடிமேட் உறை வாங்கி மாட்டினேன். சிவப்பும் கறுப்புமாக, பளபளவென்று இருந்தது. உள்ளே ஒன்றரை அங்குல ஸ்பாஞ்சு. கடைப் பையன் நைலான் கயிற்றைச் சீட்டுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, பத்துப் பன்னிரண்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தான். "இனி அசையவே அசையாதுங்க" என்றான். சொன்னது உண்மைதான், அசையவில்லை.

முதலில் தெரிந்தது சூடு. சின்ன யானையில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சித்திரை வெயிலில் வெளியே நிறுத்திய வண்டியில் ஏறினால் மேலே ரெக்சின் சுடும். கொஞ்ச தூரம் ஓடினால் அடியிலிருந்தும் சூடு ஏறும். வேர்வை போக வழியில்லாமல் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது அப்பா. அவருக்கு 72 வயது. தார் வெட்டுகிற நாளில் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஏலத்துக்கு வந்துவிடுவார். விலையை நான் பேசினாலும் பக்கத்தில் அவர் நிற்க வேண்டும். புது உறை மாட்டி இரண்டு மாதத்தில், "இடுப்பு புடிக்குது கண்ணு, நீ போயிட்டு வா" என்று சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் கால் மரத்துப்போகிறது என்றார். வயசுதான் காரணம் என்று நானும் நினைத்தேன். அவர் வருவதை நிறுத்திவிட்டார். ஏல நாளில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, நான் திரும்பி வந்ததும், "பூவன் என்ன போச்சு, கற்பூரவல்லி என்ன போச்சு" என்று கேட்பதோடு சரி.

மூன்றாவது, ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் நடந்தது. அதிக விலை கிடைக்கும் என்று கற்பூரவல்லித் தார் ஏற்றிக்கொண்டு இரவில் சேலத்துக்குக் கிளம்பினேன். நாமக்கல் தாண்டி, புதுச்சத்திரம் பக்கம் போகும்போது சூட்டு முள் ஏறிவிட்டது. ஓரம் கட்டினேன். சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜினைப் பார்க்க முடியும். சீட் வரவில்லை. அந்த நைலான் முடிச்சுகள் விடவில்லை. சூட்டில் இளகிக் கெட்டியாகி, நகத்தால் பிரிக்க முடியாமல் இறுகிக் கிடந்தன. கையில் டார்ச், பின்னால் தார், மணி இரண்டு.

பின்னால் வந்த லாரி ஒன்று நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்தார். "அருவா இருக்குதுங்களா? அறுத்துப்போடுங்" என்றார். தார் வெட்டுகிற அரிவாளாலேயே கயிற்றை அறுத்தோம். அறுத்த வேகத்தில் உறையும் கிழிந்தது. சீட்டைத் தூக்கினால், தண்ணீர் ஹோஸின் கிளிப் தளர்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே அறுந்த கயிற்றின் ஒரு நுனி, சூட்டில் உருகிக் கறுத்துத் தொங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. சூடு நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் காத்திருந்து, கிளிப்பை முறுக்கி, தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்பினோம். சேலம் போய்ச் சேர்ந்தபோது வியாபாரம் முடிகிற நேரம். கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த லாரிக்காரர் கிளம்பும்போது சொன்னார்: "நாமக்கல்லுல குஷன் கடைல போயி உங்க அளவுக்குத் தச்சுக்குங். நாங்க நாள்கணக்குல உக்கார்ற ஆளுங்க, எங்களுக்குத் தைக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

உட்கார்ந்தே பிழைக்கிற ஊர்

வேலூரிலிருந்து நாமக்கல் சுமார் 20 கிலோமீட்டர். நான்குவழிச் சாலையில் பரமத்தி, கீரம்பூர் தாண்டினால் மலைக்கோட்டை தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு நாமக்கல் என்றால் முட்டையும், மேலே கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிற 18 அடி ஆஞ்சநேயரும்தான். எங்களைப் போன்ற பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது லாரி ஊர். சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் லாரி பாடி என்று இந்த வட்டாரமே சக்கரத்தின் மேல்தான் இருக்கிறது.

கம்பெனியிலிருந்து லாரி முழுசாக வராத காலம் ஒன்று இருந்தது. முன்னால் முகப்பும் கண்ணாடியும், பின்னால் வெறும் சேஸிஸும் மட்டும் வரும். கேபின் இருக்காது. ஓட்டுகிறவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மழையிலும் வெயிலிலும் தற்காலிக சீட்டில் உட்கார்ந்து பாடி கட்டுகிற பட்டறைவரை ஓட்டி வருவார். இங்கே தச்சர், வெல்டர், பெயின்டர், குஷன் தைப்பவர் என்று ஆளுக்கொரு கை வைத்து அதை லாரியாக ஆக்குவார்கள். கேபினுக்குள் ஓட்டுநர் படுக்கப் பலகை, சாமி படத்துக்கு மாடம், துணி வைக்கப் பெட்டி எல்லாம் அளவு சொல்லிச் செய்வது இங்கே வழக்கம்.

இப்போது கம்பெனியே கேபினோடு கொடுக்கும் வண்டிகள் அதிகமாகிவிட்டன. மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களில், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. ஓட்டுகிறவரின் உடம்பும் ஒரு கணக்கு என்று இப்போதுதான் சட்டத்தில் ஏறியிருக்கிறது. நம் சின்ன யானை அந்த எடைக்குள் வராது. நம் உடம்பை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பரமத்தி சாலையில் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சின்ன குஷன் கடை. வாசலில் லாரி சீட்டுகள் எலும்புக்கூடு மாதிரி கிடந்தன. மாஸ்டருக்கு அறுபது வயதிருக்கும். சாம்பிள் புத்தகத்தை எடுத்துக் காட்டுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங் தம்பி, வண்டிக்கு உறை தைக்கோணுமா, உக்கார்ற ஆளுக்குத் தைக்கோணுமா?"

ஐந்து கேள்விகள்

அதற்குப் பிறகு அவர் கேட்டது ஐந்து கேள்வி. யார் ஓட்டுவது? பக்கத்தில் யார் உட்காருவது? என்ன லோடு? ஒரு நடைக்கு எத்தனை மணி நேரம்? வண்டி நிற்பது நிழலிலா, வெயிலிலா?

நான் பதில் சொல்லச் சொல்ல, அறுந்த உறையைக் கழற்றிப் போட்டார். வெறும் சீட்டில் என்னை உட்காரச் சொன்னார். கிளட்சை முழுசாக மிதிக்கச் சொன்னார். முழங்காலைப் பார்த்தார். பின் பாக்கெட்டில் கை வைத்து, "இந்தப் பர்சை எடுத்து முன்னாடி வெய்ங். ஒரு பக்கம் ஒசந்து உக்காந்தா எந்தக் குஷன் போட்டும் இடுப்பு நிக்காது" என்றார்.

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். "அவுரு குட்டையான ஆளுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சொன்ன விளக்கம் இது: ஏற்கெனவே இருந்த சீட்டின் மேல் ஒன்றரை அங்குலம் ஸ்பாஞ்சு ஏற்றியதால் உட்காரும் உயரம் கூடிவிட்டது. குட்டையான ஆளுக்குப் பாதம் தரையில் முழுசாகப் பதியாது. தொங்குகிற காலின் பாரமெல்லாம் தொடையின் அடிப்பக்கம், சீட்டின் விளிம்பில் அழுத்தும். கால் மரத்துப்போகும். காலை ஊன்ற முடியாதவர் ஒவ்வொரு பள்ளத்திலும் இடுப்பால்தான் தாங்க வேண்டும். அடியில் பழைய பஞ்சு பள்ளமாகவே கிடந்ததால், மேலே மெத்தென்று இருந்தும் பயனில்லை.

நான் வயசு என்று நினைத்தது ஒன்றரை அங்குலம் ஸ்பாஞ்சு. எனக்கு முகம் சுண்டிப்போனது.

"உறைங்கறது சட்டை மாதிரிங். உள்ள இருக்கற உடம்பு கோணலா இருந்தா சட்டை என்ன பண்ணும்? மொதல்ல உள்ள இருக்கறதச் சரி பண்ணோணும்" என்றார்.

என்ன போட்டோம், ஏன் போட்டோம்

உள்ளே போட மூன்று பொருள் காட்டினார். ஒன்று, தென்னை நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திய காயர் பலகை. நம் தோப்பு மட்டையிலிருந்து வருகிற நார்தான். காற்று உள்ளே போய் வரும், சீக்கிரம் பள்ளமாகாது. ஆனால் அதன் மேல் மட்டும் உட்கார்ந்தால் கொஞ்சம் முரடு. இரண்டாவது, 32 டென்சிட்டி ஃபோம். மூன்றாவது, 40 டென்சிட்டி. டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்ற கணக்கு. எண் கூடக்கூடச் சரக்கு அடர்த்தி, விலையும் கூடும். தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருக்கிற மட்டமான ஸ்பாஞ்சு கொஞ்ச நாளில் அப்பளமாகிவிடும்.

எங்களுக்கு அடியில் காயர், மேலே ஒரு அங்குலம் 40 டென்சிட்டி என்று முடிவானது. பழைய பஞ்சை முழுக்க எடுத்துவிட்டதால் மொத்த உயரம் கூடவில்லை. அப்பா உட்காரும் பக்கம் முன்விளிம்பைச் சற்றுச் சரித்து உருட்டி வெட்டினார். சீட்டின் அடிப்பலகையில் சூடு தடுக்க இருந்த விரிப்பைத் தொடவே இல்லை. "அதப் பிச்சுப் போட்டுட்டு, சூடு வருதுன்னு எங்கிட்ட வருவாங்க" என்று சிரித்தார்.

மேல் உறைக்கு நான் முழுக்கத் துணி கேட்டேன். வேர்வை உறிஞ்சுமே என்றேன். "வாழை லோடுன்னு சொன்னீங்கள்ல" என்று மறுத்துவிட்டார். வாழைப்பால் துணியில் பட்டுக் காய்ந்துவிட்டால் போகாது என்று நமக்குத் தெரியும். நம் வேட்டியே சாட்சி. ரெக்சினில் பட்டால் உடனே ஈரத்துணியால் துடைத்துவிடலாம். அதனால் ஓரங்களும் பக்கங்களும் கெட்டி ரெக்சின், அதுவும் வெளிர் சாம்பல் நிறம், வெயிலில் கறுப்பு அளவுக்குச் சுடாது. உட்கார்கிற நடுப்பகுதியும் முதுகு சாய்கிற பகுதியும் மட்டும் கெட்டியான வலைத்துணி. அதற்கு மேலே கழற்றித் துவைக்கிற மாதிரி பருத்தித் துண்டுத் துணியில் தனியாக ஒரு விரிப்பு, இரண்டு ஜோடி. லாரி ஓட்டுநர்கள் சீட்டில் துண்டு விரித்து உட்காருவதைத்தான் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார்.

மாட்டுகிற விதத்தில்தான் என் கவனமெல்லாம் இருந்தது. இந்த முறை கயிறே இல்லை. சீட்டின் விளிம்போடு எலாஸ்டிக், இரண்டு பக்கமும் அகலமான ஒட்டுப்பட்டி. அடியில் எதுவும் தொங்கவில்லை. மாட்டி முடித்ததும் என்னையே சீட்டைத் தூக்கச் சொன்னார். உறையைக் கழற்றாமலே வந்தது. மூன்று முறை தூக்கி இறக்கிப் பார்த்த பிறகுதான் காசை எடுத்தேன். சீட் பெல்ட் கொக்கி உறைக்கு வெளியே வருகிற மாதிரி வாய் வைத்துத் தைத்திருந்தார். பழைய உறையில் அது உள்ளே புதைந்து கிடந்ததால் நான் பெல்ட் போடுவதையே விட்டிருந்தேன். பெல்ட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். அதைவிட, இரவில் ஓட்டுகிறவன் நான்.

இரண்டு சீட்டுக்கும் உள்வேலை, உறை, விரிப்பு எல்லாம் சேர்த்து எனக்கு 4,700 ரூபாய் ஆனது. கிழிந்துபோன ரெடிமேட் உறை 1,900. இரண்டையும் கூட்டினால்தான் என் கணக்கு சரியாக வரும். காலையில் வண்டியை விட்டு மாலையில் எடுத்தேன்.

ஒரு கோடை, ஒரு மழை

இந்த உறையோடு ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போய்விட்டன. எல்லாம் நன்மை என்று சொல்ல மாட்டேன். வலைத்துணியில் மண் தங்குகிறது. வாரம் ஒருமுறை விரிப்பை உதறி, நடுப்பகுதியைப் பழைய பிரஷ்ஷால் தட்ட வேண்டும். ஐப்பசி மழையில் கண்ணாடியை ஏற்ற மறந்து ஒருநாள் சீட் நனைந்தது. காயர் சீக்கிரம் காய்ந்தது. ஃபோம் காய இரண்டு நாள் வெயில் தேவைப்பட்டது. காயாமல் மூடியிருந்தால் நாற்றம் பிடித்திருக்கும். எலி இன்னொரு தொல்லை. சீட்டுக்குப் பின்னால் சாக்கும் வைக்கோலும் போட்டு வைத்தால் நார்க்குள்ளேயே கூடு கட்டிவிடும். இப்போது கேபினுக்குள் சாக்கு வைப்பதில்லை.

ரெக்சினை டீசலிலோ பெட்ரோலிலோ துடைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். துடைத்த அன்று பளபளக்கும். ஆனால் ரெக்சினை மெதுவாக வைத்திருக்கும் சத்தை அது எடுத்துவிடும். பிறகு விறைத்து வெடிக்கும். சோப்புத் தண்ணீரும் ஈரத்துணியும் போதும்.

மருந்து விஷயத்தையும் சொல்ல வேண்டும். தெளிப்பானையும் பூச்சிமருந்து டப்பாவையும் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு வருவது, தெளித்த சட்டையோடு அப்படியே ஏறி உட்காருவது, இரண்டையும் நானும் செய்தவன்தான். சீட் அந்த மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடுத்த நாள் அதே சீட்டில் பிள்ளையை உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவோம். துவைக்கிற விரிப்பு வந்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. இப்போது மருந்து பின்னால், பெட்டியில், தீவனத்தோடும் தாரோடும் சேராமல் போகிறது. தெளித்த நாளில் சட்டையை மாற்றிக்கொண்டுதான் ஏறுகிறேன். விரிப்பைத் தனியாகத் துவைக்கிறோம்.

உறை தைக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டியில் யார் யார் உட்காருவார்களோ அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் அப்பாவைக் கூட்டிப்போகாமல் வாயால் சொல்லித்தான் தைத்தேன், எங்கள் நல்ல நேரம் சரியாக அமைந்தது. உட்கார்ந்து பாதம் தரையில் பதிகிறதா, கிளட்ச் முழுசாக மிதிபடுகிறதா, தலை மேலே இடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட் கொக்கி வெளியே இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பக்கம் மடிப்புத் துணி தொங்கக் கூடாது. இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிற வண்டியானால், உறையைக் கழற்றாமல் சீட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். காரிலோ புது வண்டியிலோ சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அந்த இடத்தை எந்த உறையாலும் மூடக் கூடாது. நிறம், டிசைன் எல்லாம் அதற்கு அப்புறம்.

உறை தைத்து வந்த மறுவாரம் தார் வெட்டினோம். அப்பாவைக் கூப்பிட்டேன். "இல்ல கண்ணு, நீ போ" என்றார். வேலூர்வரை மட்டும், முடியாவிட்டால் பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன் என்று வற்புறுத்தி ஏற்றினேன். ஏறியதும் காலைத்தான் பார்த்தேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருந்தது. வழி நெடுக அவர் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மார்க்கெட்டில் இறங்கி, இடுப்பில் கை வைக்காமல் நேராகத் தாரைப் பார்க்கப் போய்விட்டார். பூவன் தாருக்கு நான் சரி என்று தலையாட்டப் போன விலையை வேண்டாம் என்று நிறுத்தியவர் அவர்தான். அன்றைக்குத் தாருக்கு 20 ரூபாய் கூடக் கிடைத்தது.

திரும்பும்போதுதான் கேட்டார்: "அந்தத் துண்டு விரிப்பு இன்னொண்ணு இருக்குதா? திண்ணைல போட்டுக்கறேன்."